புகை கழுவும் கஞ்சி

பஹ்மியா டொக்டர் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பிறகு குவைத்தில் ஆறு வருடம் ஒரு எசமானி மெடத்தின் வீட்டில் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்து, திருகோணமலை மடத்தடிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மேசையும் இரண்டு பெரிய பானையும் வைத்துக் கஞ்சி விற்கத் தொடங்கினாள். இருந்தாலும் அந்தப் பக்கம் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கஞ்சி டொக்டர்" என்றால்தான் ஓட்டோக்காரனுக்கு விளங்கும். அவளுக்கும் அது பிடித்திருந்தது. படிக்காமல் கிடைத்த பட்டம் யாருக்குக் கசக்கும்?

காலை ஆறு மணிக்கு மேசை போட்டாளென்றால், துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஓட்டோக்காரர்கள், நேற்றுப் பின்னேரம் என்ன குடித்தோம் என்று வீட்டில் சொல்ல முடியாதவர்கள் எல்லோரும் கிளாஸோடு வரிசையில் நிற்பார்கள். முருங்கையிலையை இடித்துப் பிழிந்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சிய கஞ்சி. இலை குச்சவெளி பஸ்ஸில் சாக்கு சாக்காக வரும். உருவிய காம்புகளுக்கு டவுன் மான்கள் வந்து காத்திருக்கும். நகரத்தில் வரி கட்டாமல் உலாவுகிற அந்த மான்கள் மட்டுந்தான் பஹ்மியாவிடம் வைத்தியம் கேட்டதில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். அவளும் சும்மா ஊற்றிக் கொடுக்க மாட்டாள். "நாக்க நீட்டுங்க" என்பாள். நீட்டிய நாக்கைப் பார்த்துத் தலையை இரண்டு தரம் ஆட்டுவாள். "நேத்து எத்தினை சிகரெட்?" என்று கேட்பாள். அவன் எட்டு என்றால் இரண்டு கிளாஸ், பதினைந்து என்றால் மூன்று. நாக்கில் அவள் என்ன கண்டாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் பார்த்த பார்வையில் பெரிய டொக்டர்மார் தோற்றுப்போவார்கள். மேசைக்கு மேலே ஒரு தகரப் பலகை. பச்சை எழுத்தில் "புகை கழுவும் கஞ்சி". அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "சிகரெட், பீடி, வெத்திலை, அடுப்புப் புகை, எல்லாவற்றுக்கும்".

இந்த ஞானம் குவைத்தில் வந்தது. அந்த மெடம் ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் ஊதிவிட்டு, ஒரு கோப்பை நிறைய இலைகுழையை அரைத்துக் குடிப்பாள். எண்பது வயதிலும் பஹ்மியாவைத் துரத்தித் துரத்தித் திட்டுகிற தெம்பு இருந்தது. இலைதான் காரணம் என்று பஹ்மியா முடிவு கட்டினாள். மெடத்தின் மூன்று வேலைக்காரிகளும் காரணமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய முதல் நோயாளி சொந்தத் தம்பி முனீப். உம்மா கண்ணை மூடி மௌத்தாகும்போது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. அவனைக் குளிப்பாட்டியதும் அடித்ததும் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் அவள்தான். இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று. டச்சுக்குடாக் கடற்கரையில் மாலையானால் நெருப்புக்கு மேல் இரும்பு வலை போட்டு, பாரையும் கணவாயும் சுட்டு விற்கிறான். வெள்ளைக்காரருக்கு நல்ல சதையை வைத்துவிட்டு, கருகிய ஓரத்தைத் தான் தின்பான். "ருசி எல்லாம் அந்தக் கறுப்பிலதான் இரிக்கு" என்பான். புகை முகத்தில் அடிக்கும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாலையும் சுருட்டி இடது கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்குவான். பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கொடுப்பு காலியாக இருந்த நேரம் தூங்குகிற நேரமும் தொழுகிற நேரமும் மட்டுந்தான்.

காலையில் வந்து, தெருவோரச் சாக்கடைக்குள் துப்பி, வாயைக் கொப்பளித்து, இரண்டு கிளாஸ் கஞ்சியை மூச்சுவிடாமல் இறக்குவான். "ராத்தா, நேத்தையது கழுவியாச்சு" என்று அறிவித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அடுத்த சுருளை எடுப்பான். பஹ்மியா சிரிப்பாள். தன் கைப்பக்குவத்தை நம்புகிற ஒரு தம்பி. அதைவிட என்ன வேண்டும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வைத்தியசாலைக்கு மாசி மாதத்தில் மெலனி வந்தாள். டவுனில் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பலகையை வாசித்து, ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்து, பிறகு கேட்டாள்.

"அக்கா, இது மெய்யாவே புகையைக் கழுவுமோ?"

"மெய்யாவோவா? இஞ்ச நிக்கிற ஆக்களக் கேளுங்க!"

"ஆக்களைக் கேட்டா அவை ஓம் எண்டுதான் சொல்லுவினம். நான் வேற இடத்தில கேக்கப் போறன்."

அந்த வேற இடம் எதுவென்று தெரிந்தபோது வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. புகைபிடிக்கிற, புகைக்குள் வேலை செய்கிற இருபது பேர் வேண்டும். பத்துப் பேர் பத்து நாள் பஹ்மியாவின் கஞ்சி குடிக்க வேண்டும். மற்றப் பத்துப் பேர் இலைப் பக்கமே தலை வைக்கக் கூடாது. கடைசி நாள், இருபத்துநான்கு மணி நேர மூத்திரத்தை ஒரு சொட்டும் சிந்தாமல், அவள் தரும் பிளாஸ்டிக் கானில் பிடித்துத் தர வேண்டும். அதற்குள் புகையின் நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று அவள் அளப்பாள்.

இருபது பேரும் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற இக்னேசியஸின் தொப்பிக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். முனீபுக்குக் கஞ்சி விழுந்தது. தொப்பியைக் கொடுத்த இக்னேசியஸுக்கு இலை இல்லை என்று விழுந்தது. பத்து நாளும் மனிதர் வரிசைக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பிள்ளை, தவக்காலம் இன்னும் தொடங்கேல்ல. எனக்கு மட்டும் தொடங்கிற்று" என்றார்.

கான் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. ஞாயிறு பூசைக்கு முன்னம் எல்லாக் கானையும் ஐஸ்பெட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று மெலனி நாள் குறித்தாள். வெள்ளிக்கிழமைக்கு ஜும்மாத் தொழுகை என்று ஒன்று இருப்பதை அவள் யோசிக்கவில்லை. முனீபுக்குத் தலையிடி. நஜீஸான அசுத்தத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் போக முடியாது. வெளியே செருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் யார் எண்ணெய்க் கான் என்று எடுத்துக்கொண்டு போவான் என்று சொல்ல முடியாது. கடைசியில், ஜமாலியாவில் ராத்தா வீட்டுப் பைப்படியில் கானை வைத்து, சுத்தமாகி, தொழப் போனான்.

பஹ்மியா பானை கழுவ வந்தவள் கானைப் பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே இருப்பதன் நிறம் வெளியே தெரிந்தது. பால் விடாத சாயத்தண்ணி நிறம். அதுவும் நல்லாக் கொதித்த சாயம்.

கானைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பத்து நாள் தன் கையால் இரண்டு கிளாஸ் குடித்தவனுடையது இப்படியா இருக்கும்? இதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளை மெஷினில் வைத்தால் என்ன வரும்? பலகைக்கு என்ன மரியாதை? வீட்டில் பெண் பார்க்க வரும்போது சுவரில் ஊத்தையை மறைக்கப் படம் மாட்டுகிறோமா இல்லையா? அதைப் போலத்தான் இதுவும் என்று தனக்கே ஒரு நியாயம் சொன்னாள். மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு மூடியைத் திருகினாள். பைப்பைத் திறந்தாள். ஒரு கோப்பை ஊற்றிப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. இன்னொரு கோப்பை. இன்னும் மூன்று. செவ்விளநீர் நிறத்துக்கு வந்ததும் மூடி இறுக்கி, கானை வெளியே துடைத்து, கையை நாலு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

ஜும்மா முடிந்து வந்த முனீப் கானைத் தூக்கிப் பார்த்து, "பாத்தியா ராத்தா, எவ்வளவு பாரம்! உன்ட கஞ்சி வேலை செய்யிது" என்றான்.

"ஓம்" என்றாள் அவள். வேறு என்ன சொல்வாள்?

ஆனி மாதம் மெலனி திரும்பி வந்தாள். இருபது பேருக்கும் தனித்தனி உறை கொண்டு வந்திருந்தாள். வரிசை அப்படியே கூட்டமாகிவிட்டது. பஹ்மியா அன்றைக்குப் புதுச் சால்வை போட்டிருந்தாள்.

"முதல்ல பொதுவாச் சொல்லுறன்" என்றாள் மெலனி. "கஞ்சி குடிச்ச ஆக்களின்ர மூத்திரத்தில, குடிக்காத ஆக்களை விட நஞ்சு கூட. கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு."

ஒரு மான் மட்டும் காம்பைக் கடித்த சத்தம் கேட்டது. பிறகு இக்னேசியஸ் உறையை உயர்த்தி ஆட்டினார். "என்ர குறைவு! கண்டியளோ, கஞ்சி குடியாதவன்தான் சுத்தம்! பிள்ளை, இத்தினை வருசமா எங்களுக்கு நஞ்சையோ காய்ச்சித் தந்தனீ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பஹ்மியாவுக்கு முகம் கறுத்தது. அகப்பையைப் பானைக்குள் எறிந்தாள். "அந்த மெஷினக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க! முருங்கையிலையில நஞ்சாம்! கேட்டீங்களா கதைய!"

"அக்கா, அவசரப்படாதீங்க" என்று மெலனி குரலை உயர்த்தினாள். "நீங்க துறைமுகத்து ஆக்கள். உங்களுக்குச் சொன்னா விளங்கும். ஈரலை ஒரு சுங்கக் கந்தோர் எண்டு நினையுங்க. புகையில, கருகின சாமானில வாற நஞ்சு, பெட்டியாய் வந்து இறங்குது. முதல்ல ஒரு கூட்டம் பெட்டியை உடைக்கும். உடைச்ச உடன சில பெட்டி இன்னும் மோசமாகும். உள்ள கிடந்தது வெளிய வந்திடும். பிறகு ரெண்டாவது கூட்டம் அதைப் பொதி கட்டி, சீல் குத்தி, வாசலால வெளிய அனுப்பும். முருங்கையில இருக்கிற ஒரு சத்து, சீல் குத்துற ஆக்களைக் கூட்டுது. அதனாலதான் வாசலால கூடப் போகுது. மூத்திரத்தில கூட எண்டா, உடம்பிலயிருந்து கூடப் போயிருக்கு எண்டு அர்த்தம்."

இக்னேசியஸின் கை மெதுவாக இறங்கியது. "அப்ப என்ர?"

"உங்கட சாமான் உள்ளுக்குத்தான் கிடக்குது போல, அங்கிள்."

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. பஹ்மியாவும் சிரிக்க வாயெடுத்தாள். எடுத்த வாய் பாதியில் நின்றது. நஞ்சு கூடுதலாக இருந்தால்தான் நல்லது என்றால், அவள் வெள்ளிக்கிழமை பைப்படியில் செய்த காரியம்? நல்லதையல்லவா தண்ணீர் விட்டுக் கரைத்திருக்கிறாள்! மறைக்க வேண்டியதே இல்லாத இடத்தில் மறைத்திருக்கிறாள்.

அதற்குள் முனீப் தன் உறையைக் கிழித்திருந்தான். எல்லோருக்கும் ஒரு எண் இருந்தது. அவனுடைய முடிவுத் துண்டில் எண் இல்லை. "கண்டறியப்படவில்லை" என்று அச்சடித்திருந்தது.

"உங்கட கானை நாங்க ஆராய்ச்சியில சேர்க்கேல்ல" என்றாள் மெலனி. "அதில தண்ணித்தன்மை கூட, மெஷினுக்கு ஒண்டும் பிடிபடேல்ல. அந்தத் துண்டை ஒண்டுக்கும் எடுக்காதீங்க. இன்னொரு நாள் திரும்பச் செய்வம்."

முனீபுக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். "கண்டறியப்படவில்லை! ராத்தா, நஞ்சே இல்லையாம்! மத்தவனுக்கெல்லாம் இன்னும் போய்க்கொண்டு இரிக்கு. எனக்கு எல்லாம் போய் முடிஞ்சுது!"

மெலனி பஹ்மியாவைப் பார்த்தாள். பஹ்மியா பானையைப் பார்த்தாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் திறக்கவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், கஞ்சி டொக்டர் தம்பியின் மூத்திரத்துக்குப் பைப் தண்ணீர் விட்டாள் என்று எப்படிச் சொல்வது?

முனீப் அந்தத் துண்டை இரண்டு படி எடுத்து, பிளாஸ்டிக் போட்டு ஒட்டினான். ஒன்று டச்சுக்குடாவில் மீன் சுடுகிற வண்டியில் தொங்கியது. மற்றதை ராத்தாவின் பலகைக்குக் கீழே தானே கொண்டுவந்து மாட்டினான். பெருநாளுக்குச் சோடித்த மாதிரி ஒரு நாடா வேறு. வரிசை நீண்டது. துறைமுக வாசலில் நிற்கிறவர்கள்கூட வந்தார்கள். முனீப் சுருளைப் பெரிதாக்கினான். முன்பு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்றால் இப்போது இருபது. "என்ட ராத்தா இரிக்கிறாள். எனக்கு என்ன பயம்?" என்று கேட்கிறவனுக்கெல்லாம் துண்டைக் காட்டினான். அவன் காட்டும் ஒவ்வொரு தடவையும் பஹ்மியாவுக்கு உடம்பு கூசியது. ஆனால் கழற்றவில்லை. நல்ல பெயரைக் கழற்றி வைப்பது அவ்வளவு லேசான காரியமில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம், முனீபின் மனைவி சனூஸா பஹ்மியாவின் குசினிக்கு வந்தாள். கதிரையில் இருக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"மதினி, இவருக்கு உறைப்புத் தின்ன ஏலாமக் கிடக்கு."

"இவனுக்கா? கொச்சிக்காயக் கடிச்சுக்கொண்டு சோறு தின்னுறவன்."

"இப்ப வெறும் சோறும் பாலும். வாயும் முழுக்கத் திறக்குதில்ல. ரெண்டு விரல்தான் போகுது. நேத்து லைட்டடிச்சுப் பாத்தன். இடது கொடுப்புக்குள்ள வெள்ளையா ஒரு படை. சுரண்டினாலும் போகுதில்ல. கிளினிக்குக்குப் போவம் எண்டா, அந்தத் துண்டக் காட்டுறார். கவுண்மென்டே எழுதித் தந்திரிக்கு, எனக்கு நஞ்சில்ல எண்டு சொல்லுறார்."

சனூஸா அழுதாள். பஹ்மியா அழவில்லை. சனூஸாவுக்குக் கொடுக்க இழுத்த கதிரையில் தானே இருந்துவிட்டாள். ஏழு வயதில் அந்த வாய்க்குள் பல் ஆடியபோது நூல் கட்டி இழுத்தவள் அவள்தான்.

சனூஸா போனதும் மெலனிக்குப் போன் எடுத்தாள். வெள்ளைப் படை என்றதுமே அந்தப் பக்கம் குரல் மாறியது.

"அக்கா, உடன காட்டவேணும். அது புற்றுநோய்க்கு முந்தின கட்டமா இருக்கலாம்."

"கஞ்சி குடிக்கிறானே பிள்ளை. தினமும் ரெண்டு கிளாஸ்."

"கஞ்சி தொண்டையால வயித்துக்குப் போய், ஈரலுக்குப் போய்த்தான் ஏதாவது செய்யும். வெத்திலையும் பாக்கும் புகையிலையும் ஈரல் வரைக்கும் காத்திருக்காது. வைச்ச இடத்திலயே வேலையைத் தொடங்கிப்போடும். இருபத்துமூண்டு வருசமா ஒரே கொடுப்பு."

"ஆனா நஞ்சு வெளியில போகுது எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"போனதைத்தான் அளந்தனாங்கள் அக்கா. உள்ளுக்கு நிண்டதை அந்தக் கான் சொல்லாது." பிறகு மெலனி சொன்னாள்: "பதினாலாம் கானில, உங்கட தம்பியின்ரதில, தண்ணி கலந்திருந்தது. ஆர் ஊத்தினது எண்டு நான் கேக்கேல்ல. கேக்கவும் மாட்டன்."

அன்று அசர்த் தொழுகைக்குப் பிறகு டச்சுக்குடாவுக்குப் போய் முனீபிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவன் புகைக்குள் நின்று சிரித்தான். வாய் கோணலாகத்தான் திறந்தது. "நீயே பயந்தா உன்ட கஞ்சிய ஆர் குடிப்பாங்க?" என்று கேட்டான். வண்டியில் தொங்கிய துண்டை விரலால் சுண்டினான். வெள்ளைக்காரி ஒருத்தி அதைப் போன் எடுத்துப் படம் பிடித்தாள்.

அடுத்த நாள் காலை பஹ்மியா நாக்கை நீட்டச் சொல்லவில்லை. எல்லோருக்கும் பேசாமல் ஊற்றினாள். முனீப் வந்து துப்பி, கொப்பளித்து, கிளாஸை நீட்டியதும் அகப்பையைக் கீழே வைத்தாள். கதிரையில் ஏறி, பலகைக்குக் கீழே தொங்கிய துண்டைக் கழற்றினாள்.

"என்ன ராத்தா செய்யிற?"

"இது பொய்" என்றாள். வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். இக்னேசியஸும் இருந்தார். "எல்லாரும் கேளுங்க. ஜும்மாவுக்குப் போகக்குள்ள இவன் கான என்ட வீட்டில வைச்சிட்டுப் போனான். நிறத்தப் பாத்துப் பயந்துபோனன். கஞ்சிட பேர் கெட்டிரும் எண்டு அஞ்சு கோப்பை பைப் தண்ணி ஊத்தினன். நஞ்சில்ல எண்டு வந்தது தண்ணிக்கு. இவனுக்கு இல்ல."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. முனீபுக்கு விளங்கியபோது அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ட மூத்திரத்தில தண்ணி ஊத்தின நீயா?"

"ஓம்."

"அத நான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரியிறன்!"

"ஓம்டா. நான் பாத்துக்கொண்டு இருந்தன்."

ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். இக்னேசியஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது. "அப்ப கஞ்சி, பிள்ளை?" என்று அவர் மெல்லக் கேட்டார். "மற்ற ஆக்களுக்கு வேலை செய்ததுதானே?"

"கொஞ்சம் வெளியில போகுது எண்டு அந்தப் பிள்ளை சொன்னா. அது மெய். ஆனா கழுவும் எண்டு நான் சொன்னது பொய். நாக்கப் பாத்ததும் பொய். எனக்கு ஒரு நாக்கும் தெரியாது." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், என்ட பலகைய நம்பித்தான் நீ இருபது சுருள் போட்ட. உன்ட வாய்க்குள்ள இரிக்கிறது நான் எழுதின எழுத்து. செவ்வாய்க்கிழமை வா. என்னப் பாக்க வேணாம் எண்டா பாக்காத. கிளினிக்குக்கு மட்டும் வா."

முனீப் கிளாஸைச் சாக்கடைக்குள் வீசி உடைத்தான். சொல்லக்கூடாத இரண்டு சொல் சொன்னான். போய்விட்டான். கஞ்சி அன்றைக்குப் பாதிப் பானை மீதியாயிற்று.

செவ்வாய்க்கிழமை, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மேசை போடவில்லை. விடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போய், வாய்க் கிளினிக்கில் எட்டாம் நம்பர் எடுத்து, சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருந்தாள். ஏழாம் நம்பரைக் கூப்பிடும்போது முனீப் வாசலில் வந்து நின்றான். கொடுப்பு வீங்கியிருந்தது. அவளைப் பார்த்தான். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, வாங்கின் மற்ற நுனியில் இருந்தான். நடுவில் இரண்டு பேர் இருக்கலாம். அவ்வளவு தூரம்.

டொக்டர் வாயைப் பார்த்து, ஒரு துணுக்கு வெட்டி எடுத்து அனுப்பினார். மற்றப் பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். தாதி ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, மூத்திரம் பிடித்து வரச் சொன்னாள். முனீப் போத்தலை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ராத்தா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு. இன்னும் தூர. பைப் பக்கம் போகாத."

நாலு நாளைக்குப் பிறகு அவன் அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். பஹ்மியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. புற்றுநோய் இன்னும் ஆகவில்லை. ஆகாது என்று சொல்லவும் டொக்டர் மறுத்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் அன்றோடு சரி. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும். இலை, காய்கறி நல்லாச் சாப்பிடலாம், அது உடம்புக்கு நல்லது, ஆனால் இதற்கு மருந்தில்லை என்றார். பஹ்மியா அந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

இப்போது பலகையில் முதல் இரண்டு சொல்லையும் கீழேயிருந்த சின்ன எழுத்தையும் காணோம். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட் பூசி மறைத்துவிட்டாள். மீதி "கஞ்சி" மட்டும். சிலர் வராமல் போனார்கள். பெரும்பாலானவர்கள் வந்தார்கள். பசி வைத்தியம் பார்த்து வருவதில்லை. "கஞ்சி டொக்டர்" என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவள் எவ்வளவு திட்டினாலும் ஓட்டோக்காரர்கள் விடுவதாயில்லை.

அவளும் பழைய பழக்கத்தை முழுதாக விடவில்லை. நாக்கு நீட்டச் சொல்வதில்லை. போன் லைட்டைப் போட்டு "வாயத் திறங்க" என்கிறாள். வெள்ளையோ சிவப்போ கண்டால், ஆறாத புண் கண்டால், கிளினிக் நாளைச் சொல்லிவிட்டுத்தான் கிளாஸைக் கொடுக்கிறாள். இதுவரை மூன்று பேரை அனுப்பியிருக்கிறாள். அதில் ஒருவர் இக்னேசியஸ். அவருக்கு ஒன்றுமில்லை, பொய்ப்பல் உரசிய புண். "பிள்ளை, என்ர மானத்தை ரெண்டு தரம் வாங்கிப்போட்டாய்" என்று இன்னும் சொல்லித் திரிகிறார்.

முனீப் ஆறரைக்கு வருவான். ஒன்றுமில்லாத வாயை அசைபோட்டபடி, கோபம் கோபமாக வருவான். முதலில் வாயைத் திறப்பான். இரண்டு விரல் அளவுதான் இன்னும். அவள் லைட்டைப் பிடித்து இடது கொடுப்புக்குள் பார்ப்பாள். வரிசை காத்திருக்கும்.

"கூடியிரிக்கா?" என்று இன்றும் முனீப் கேட்டான்.

"நேத்தைய அளவுதான்."

அவன் வாயை மூடிக்கொண்டு கிளாஸை வாங்கினான். பச்சை நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்ப இது என்னத்துக்கு, ராத்தா?"

"பசிக்கு" என்றாள் பஹ்மியா. "குடி."